ஏ.எல். முடித்த மகன் இரவெல்லாம் ஃபோனில்: திருகோணமலையில் அவனுக்கு எந்த மொழி, என்ன வேலை?

பாலையூற்றிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார். மகனுக்குப் பத்தொன்பது வயது. வணிகப் பிரிவில் ஏ.எல்., அதாவது உயர்தரப் பரீட்சை எழுதி ஒரு சி, இரண்டு எஸ் எடுத்திருக்கிறான், கம்பஸ் கிடைக்காது. இரவு இரண்டு மணி வரை டிக்டொக், கேம், வட்ஸ்அப். கேட்டால் ‘ஒன்லைனில் உழைப்பேன்’ என்கிறான். இங்கிலீஷ் சுமார், சிங்களம் தெரியாது, தமிழே பிழை விட்டு எழுதுகிறான். ஃபோனைப் பறித்து ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் விடுவதா, தன் தம்பி சொல்கிறபடி கட்டாருக்கு அனுப்புவதா என்பது அவருடைய கேள்வி.

அக்கா, ஃபோனைப் பறிக்க வேண்டாம். அந்த வயதுப் பிள்ளை கூட்டாளியின் ஃபோனில் பார்ப்பான். உங்களோடு பேசுவதும் குறைந்துவிடும். அதை விட, இங்கே ஹோட்டல், கடை, கம்பனி வேலைகள் பலவற்றுக்கு ஆள் தேடுவதே இப்போது வட்ஸ்அப் குழுக்களிலும் பேஸ்புக்கிலும்தான். ஃபோன் இல்லாதவனுக்கு அந்தச் செய்தியே எட்டாது.

எத்தனை மணி நேரம் பார்க்கிறான் என்று சண்டை பிடிக்க முதல், என்ன பக்கேஜ் போடுகிறான் என்று கேளுங்கள். நம் பிள்ளைகளில் பலர் போடுவது சமூக வலைத்தளப் பக்கேஜ். டிக்டொக், யூடியூப், வட்ஸ்அப் தாராளமாக ஓடும். வேறு இணையதளத்தைத் திறந்தால் டேட்டா வெட்டும். ஆகவே அவனுக்கு இணையம் என்றால் அந்த மூன்று அப்தான். வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் வெற்றிடம் வந்திருக்கிறதா என்று பார்க்கவோ, ஒரு விண்ணப்பப் படிவத்தை இறக்கவோ அவன் போகமாட்டான். போனால் காசு போகும் என்று அவனுக்குத் தெரியும். சோம்பல் என்று நீங்கள் நினைப்பதில் ஒரு பங்கு அந்தப் பக்கேஜின் வேலை. அதே காசுக்கு எல்லாத் தளத்துக்கும் ஓடுகிற சாதாரண டேட்டா போட்டுக்கொடுங்கள். ரீல்ஸ் பார்த்தால் சீக்கிரம் முடிந்துவிடும் என்பதால் அவனே கணக்குப் பார்க்கத் தொடங்குவான்.

நான் பல காலமாகத் தொழிற்பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு வழிகாட்டல் செய்கிறவன். நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்துச் சில ஹோட்டல்களுக்கு ஆள் தெரிவு செய்யவும் கூட இருப்பேன். வேலைக்கு எப்படிக் கேட்டு வருகிறார்கள் என்று சொல்கிறேன், கேளுங்கள். இரவு பதினொன்றரைக்கு வட்ஸ்அப்பில் ஒரு ‘ஹாய்’. பெயர் இல்லை. படத்தில் ஒரு சிங்கம், அல்லது நடிகர். காலையில் ‘யார்?’ என்று கேட்டால் ‘சேர் ஜொப் இருக்கா’ என்று இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். ‘என்ன படித்தீர்கள், எந்த ஊர்?’ என்று கேட்டால் நாற்பது விநாடிக் குரல்பதிவு. பின்னால் பைக் சத்தம். சீவி கேட்டால், மேசையில் விரித்து வைத்து எடுத்த படம்; ஒரு மூலை மடிந்திருக்கும், பாதியில் கை நிழல். இந்தப் பிள்ளைகளில் பாதிப் பேராவது நேரில் பார்த்தால் நல்ல பிள்ளைகள். மரியாதை தெரியும், வேலைக்குப் பஞ்சியில்லை. ஆனால் நேரில் வரச் சொல்லுகிற இடத்துக்கு முன்னாலேயே மனேஜர் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுகிறார்.

ஈமெயில் கதையும் இதுதான். ஃபோன் வாங்கிய அன்றைக்கே ஜிமெயில் கணக்கொன்று திறந்திருப்பார்கள். அதற்குப் பிறகு அதன் பக்கம் போவதில்லை. ஒரு தம்பி ‘எனக்கு எங்கேயிருந்தும் பதில் வருவதில்லை’ என்று வந்து நின்றான். அவன் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். விளம்பரங்களுக்குக் கீழே நேர்முகப் பரீட்சைக்கு வரச் சொல்லி ஒரு கடிதம் கிடந்தது. திகதி போய்விட்டது. உங்கள் மகனையும் இன்றைக்கே திறந்து பார்க்கச் சொல்லுங்கள். விளையாட்டுப் பெயரில் முகவரி வைத்திருந்தால் சொந்தப் பெயரில் இன்னொன்று எடுக்கட்டும்.

குறை எங்கே என்றால், அவன் நாள் முழுக்க எழுதுகிறான், பேசுகிறான். ஆனால் எல்லாம் தெரிந்தவர்களோடு. தன்னைத் தெரியாத ஒருவருக்கு, தான் யார், என்ன வேண்டும் என்று நாலு வரி எழுதிப் பழக்கமில்லை. வேலை கொடுப்பவர் எப்போதும் தெரியாத ஆள். ஃபோன் இந்தப் பழக்கத்தைக் கெடுத்தது என்று சொல்லமாட்டேன், பள்ளிக்கூடமும் கொடுக்கவில்லை. கணக்குப் பாருங்கள்: 2020இலும் 2021இலும் உங்கள் மகன் இடைநிலை வகுப்புகளில் இருந்திருப்பான். பாடம் என்பது வட்ஸ்அப்பில் வந்த கொப்பிப் படம். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் மறுபடி பூட்டினார்கள். கட்டுரை எழுதி, சிவப்பு மை வாங்கி, திருத்தி எழுதுகிற வயது அப்படியே போய்விட்டது. தமிழ் பிழைப்பதற்கு டிக்டொக்கைத் திட்டுகிறவர்கள் இதைப் பேசுவதில்லை.

இப்போது மொழிக்கு வருகிறேன். எல்லாரும் இங்கிலீஷ், இங்கிலீஷ் என்பார்கள். திருகோணமலையில் வேலை தேடுகிற, உங்கள் மகன் நிலையில் இருக்கிற பிள்ளைக்கு என் வரிசை வேறு: முதலில் எழுத்துத் தமிழ், அடுத்தது பேச்சுச் சிங்களம், அதற்குப் பிறகு எழுத்து இங்கிலீஷ்.

தமிழ் ஏன் முதலில்? அரச வேலைகளுக்கான போட்டிப் பரீட்சையை அவன் தமிழில்தான் எழுதுவான். அங்கே மொழித்திறனும் பார்ப்பார்கள். பிழையில்லாமல் ஒரு பந்தி எழுத வராதவன் முதல் சுற்றிலேயே நின்றுவிடுவான். கிழக்கு மாகாண சபையின் தலைமைக் காரியாலயங்கள் நம் ஊரில்தான் இருக்கின்றன. மாவட்டச் செயலகம், பிரதேச செயலகங்கள், வங்கிக் கிளைகள் வேறு. இங்கெல்லாம் ஒழுங்காகத் தமிழ் எழுதவும் தட்டவும் தெரிந்தவனுக்கு மதிப்பு உண்டு. இன்றைக்கும் பல கந்தோர்களில் பழைய கோப்புகள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் கிடக்கின்றன, புதியவை யுனிகோட். இரண்டையும் கையாளத் தெரிந்து, ரெங்கநாதன் என்கிற தமிழ் விசைப்பலகை முறையில் வேகமாகத் தட்டவும் வந்தால் அது ஒரு தனித் தகுதி. அவன் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். வட்ஸ்அப்பில் உங்களுக்கும் மாமாவுக்கும் அனுப்புவதைத் தமிழ் எழுத்தில் அனுப்பட்டும். தினமும் ஒரு செய்தியைக் கேட்டுவிட்டு ஐந்து வரியில் எழுதட்டும். பிழையை நீங்களோ, பக்கத்து வீட்டு ரீச்சரோ பார்த்துச் சொல்லுங்கள். கூட்டாளிகளோடு அவன் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் அடிப்பதை விட்டுவிடுங்கள்; அதில் ஒன்றும் கெட்டுப்போகாது.

சிங்களம் என்றதும் பலர் முகம் சுளிப்பார்கள். காரணமும் எனக்குத் தெரியும். சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வடு இன்னும் ஆறவில்லை. நான் அரசியல் பேசவில்லை, பிழைப்பைப் பேசுகிறேன். 2012 கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 40 சதவீதம், தமிழர் முப்பதுக்குச் சற்று மேல், சிங்களவர் 27 அளவில். இங்கே எந்தக் கவுண்டரில் இருந்தாலும் இரண்டு மொழி வரும். ஹோட்டல்களுக்கு வருகிறவர்களில் வெள்ளைக்காரர் ஒரு பக்கம். போயா என்கிற பௌர்ணமி விடுமுறையும் சனி ஞாயிறும் சேர்ந்து வந்தால் கொழும்பு, கண்டி, குருநாகலிலிருந்து வரும் குடும்பங்கள்தான் நிலாவெளியை நிரப்புகின்றன. புறாத் தீவுக்குப் படகு விடுகிற ஒருவரின் வட்ஸ்அப்பைப் பார்த்தேன். வரிசையாக ‘கீயத?’, ‘ஹெட உதே புளுவன்த?’ என்று கிடக்கிறது. எவ்வளவு, நாளைக் காலை முடியுமா என்று கேட்கிறார்கள். அவருக்குப் பேச வரும், எழுத வராது. பதில் போடப் பிந்தினால் அந்தக் குடும்பம் வேறு படகுக்காரரிடம் போகும். இந்தப் பதிலைப் போடக்கூடிய ஒரு பையனுக்கு அவர் சம்பளம் கொடுக்கத் தயார்.

இன்னொன்று: தமிழ் தெரிந்தவனுக்குப் பேச்சுச் சிங்களம் இங்கிலீஷை விடச் சுலபம். வசன ஒழுங்கு நம்முடையதுதான். வினை கடைசியில் வரும். நான், நீ, அவன் என்று ஆள் மாறினாலும் பேச்சில் வினை மாறாது: ‘மம கெதர யனவா’, ‘எயா கெதர யனவா’. ஆறாம் வகுப்பிலிருந்து இரண்டாம் மொழியாக எழுத்துகளைப் படித்திருப்பான். பேச ஒரு இடம்தான் இல்லை. கந்தளாய்ப் பக்கமோ அபயபுரப் பக்கமோ ஒரு கடையில், கராஜில் சில மாதம் நின்றால் வாய் திறந்துவிடும். யூடியூபில் தமிழருக்குச் சிங்களம் சொல்லிக்கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், பக்கேஜ் வீணாகாது.

அரச வேலை கிடைத்தாலும் இது தேவைப்படும். 2007 ஜூலை 1க்குப் பிறகு சேர்கிற அரச ஊழியர்கள் ஐந்து ஆண்டுக்குள் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி காட்ட வேண்டும் என்று அந்த ஆண்டின் சுற்றறிக்கை சொன்னது. விவரங்களைப் பிறகு திருத்தினார்கள், கடமை போகவில்லை. சிங்களம், தமிழ் இரண்டையும் எழுத வருகிறவனுக்கு மொழிபெயர்ப்புப் பக்கமும் ஒரு வழி இருக்கிறது. பஸ்ஸிலும் பெயர்ப் பலகையிலும் தமிழ் படுகிற பாட்டைப் பார்த்தாலே ஆள் பற்றாக்குறை விளங்கும்.

இங்கிலீஷ் வேண்டாம் என்கிறேனா? இல்லை. ஆனால் வகுப்பில் சேர்க்க முதல் ஒரு நாள் போய்ப் பாருங்கள். ‘மை நேம் இஸ், ஐ ஆம் ஃப்ரொம் டிரிங்கோ’ என்று ஆளுக்கு ஆள் எழும்பிப் பாடமாக்கியதை ஒப்புவிக்கிற வகுப்பென்றால் காசை மிச்சம் பிடியுங்கள். நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே அந்தப் பாடம் முடிந்துவிடும். பிழை விட்டாலும் பேச விடுகிற, ஒரு ஈமெயில் எழுத வைத்துத் திருத்துகிற ஆசிரியர் என்றால் நாலு பிள்ளையுள்ள வீட்டு வகுப்பே போதும். ஏ.எல்.இல் பொது ஆங்கிலம் கம்பஸ் தெரிவுக்கான இசற் புள்ளிக்குச் சேராது என்பதால் நம் பிள்ளைகள் இரண்டு வருடம் அதைத் தொடுவதே இல்லை. அந்த இரண்டு வருடத்தைத்தான் இப்போது பிடிக்க வேண்டும். வங்கி, காப்புறுதி மாதிரி இடங்கள் ஓ.எல்., அதாவது சாதாரண தரப் பரீட்சை இங்கிலீஷில் சி கேட்பது வழக்கம். மகனுக்கு அது இல்லையென்றால் அந்தப் பாடத்தை மட்டும் திரும்ப எழுதலாம், ஏ.எல். முடித்தவன் ஓ.எல். எழுதுவதா என்று வெட்கப்பட ஒன்றுமில்லை.

இங்கிலீஷ் கடிதத்தை சட்ஜிபிடி எழுதித் தருமே என்று அவன் சொல்லக்கூடும். தரும். போன பருவத்தில் ஒரே அச்சில் வார்த்தது போல வந்த விண்ணப்பங்களை அடுக்கி வைத்திருந்தோம். ஊர்ப் பெயர் மட்டும் வேறு. அதை வைத்துப் படிக்கலாம்: தான் முதலில் எழுதி, பிழையைக் காட்டச் சொல்லி, ஏன் பிழை என்று கேட்கலாம். எழுதச் சொல்லி அப்படியே அனுப்புகிறவன் நேரில் வந்து மாட்டுவான்.

சரி, வேலை. ஊரில் பெரிய பேச்செல்லாம் சீனன்குடாவைப் பற்றித்தான். 99 எண்ணெய்க் குதங்களுக்கு 2022 ஜனவரியில் இந்தியாவோடு ஒப்பந்தம், 2025 ஏப்ரலில் எரிசக்தி மையத்துக்குப் புரிந்துணர்வு, அதே நேரம் சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின் நிலையத்துக்கு அடிக்கல். இதையெல்லாம் நம்பி வீட்டில் குந்திக்கொண்டிருக்க வேண்டாம். அவை வளர்ந்தாலும் முதலில் கேட்பது வெல்டர், மின் தொழில்நுட்பவியலாளர், பாரம் தூக்கி இயக்குபவர்களை. பிரிமா மா ஆலையும் டோக்கியோ சீமெந்தும் பல வருடமாகக் கேட்பதும் அப்படிப்பட்டவர்களைத்தான். வணிகப் பிரிவு படித்தவன் வெல்டிங் பழகுவதா என்று உறவுக்காரர் கேட்பார்கள். கேட்கட்டும். தேசிய தொழில் தகைமை, அதாவது என்விகியூ, ஏழு மட்டங்கள் கொண்டது. நாலாம் மட்டச் சான்றிதழ் உள்ளூரிலும் பயன்படும், வெளிநாட்டிலும் பயன்படும். ஐந்து, ஆறு டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். தொழில்நுட்பக் கல்லூரி, தொழிற் பயிற்சி அதிகார சபை ஆகியவற்றின் பாடநெறிகள் பலவற்றுக்குக் காசு கட்டத் தேவையில்லை. மேசை வேலைதான் பிடிக்கும் என்றால் கணக்கியலிலோ தகவல் தொழில்நுட்பத்திலோ உயர் தேசிய டிப்ளோமாவுக்கு உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பித்த பிறகு அழைப்பு வந்ததா என்று ஈமெயிலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒன்லைன் உழைப்பு பற்றி. அது பொய் இல்லை. நம் ஊரிலேயே உழைக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் அவனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: யாருக்கு, எதை விற்கப் போகிறாய்? ‘டேட்டா என்ட்ரி’ என்றால் அந்தக் கதவு ஏறக்குறைய மூடிவிட்டது. ‘லைக் போட்டால் காசு, முதலில் கொஞ்சம் கட்டு’ என்றால் அது மோசடி. டெலிகிராமில் முதல் நாள் சின்னத் தொகை உண்மையாகவே வரும், பிறகு பெரிய தொகை கட்டச் சொல்வார்கள், அதோடு சரி. ‘ஆள் சேர்த்தால் கமிஷன்’ என்றால் அது பிரமிட். வங்கிச் சட்டத்தில் தடை செய்யப்பட்டது, சேர்த்துவிட்டவனும் சட்டத்தில் மாட்டுவான். தடை செய்த திட்டங்களின் பட்டியலை மத்திய வங்கியே வெளியிடுகிறது.

அவன் டிக்டொக்கில் பார்ப்பது மட்டுமா, வீடியோ வெட்டிப் போடுகிறானா என்று கவனியுங்கள். வெட்டுகிறான் என்றால் அங்கே ஒரு தொழில் இருக்கிறது. வீடியோ வெட்டுகிற கெப்கட், விளம்பரப் படம் செய்கிற கென்வா இரண்டையும் இந்தப் பிள்ளைகள் விளையாட்டாகவே பழகிவிடுகிறார்கள். ஃபைவர் என்கிற ஒன்லைன் வேலைத் தளத்தில் உலகத்தோடு போட்டி போட முதல், ஊரில் தொடங்கட்டும். புடவைக் கடை, சலூன், கேக் செய்கிற அக்கா, திமிங்கிலம் பார்க்கக் கூட்டிப்போகிற படகுக்காரர் எல்லாருக்கும் பேஸ்புக் பக்கம் இருக்கிறது. அதில் பாதி உறங்கிக் கிடக்கிறது. ஒரு கடைக்கு வாரம் இரண்டு வீடியோ, மூன்று மொழியிலும் விலையும் நேரமும், வருகிற கேள்விக்கு அன்றைக்கே பதில். முதல் மாதம் குறைந்த காசுக்குச் செய்யட்டும். இரண்டு மூன்று கடை சேர்ந்தால் கையில் ஒரு வருமானம், அதை விட முக்கியம், காட்டுவதற்கு வேலை. வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்பதும் அந்த மாதிரியைத்தான். புரோகிராமிங் பக்கம் ஆசை என்றால் மொறட்டுவப் பல்கலைக்கழகத்தின் இலவச ஒன்லைன் பாடநெறி இருக்கிறது. இங்கிலீஷில்தான், ஆனாலும் ஆரம்பத்திலிருந்து சொல்லித் தருகிறார்கள். அவனுக்கு உண்மையில் ஆசையா, வீட்டாரைச் சமாளிக்கச் சொல்கிறானா என்பது சில வாரத்திலேயே தெரிந்துவிடும். உழைக்கத் தொடங்கினால் வெளிநாட்டுக் காசை பேயோனியர் என்கிற பணம் அனுப்பும் சேவை வழியாக வங்கிக்கு எடுக்கலாம். 2025 ஏப்ரலிலிருந்து வருடம் 18 லட்சம், அதாவது மாதம் ஒன்றரை லட்சம் வரை வருமான வரி இல்லை. ஆகவே வரி என்று பயந்து அடுத்தவன் கணக்கில் காசு எடுக்கத் தேவையில்லை. அடுத்தவன் காசைத் தன் கணக்கில் வாங்கிக் கொடுப்பதும் வேண்டவே வேண்டாம். ‘உன் கணக்கைக் கொஞ்சம் தா’ என்று கேட்கிறவனுடைய காசு பெரும்பாலும் மோசடிக் காசு. பொலிஸ் முதலில் தட்டுவது கணக்குக்காரன் வீட்டுக் கதவைத்தான்.

அவன் போடுகிற பதிவுகளையும் சொல்ல வேண்டும். ஹோட்டல்காரர் பேர் போட்டு பேஸ்புக்கில் தேடுகிறார். நானே பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். மூன்று சமூகமும் வேலை செய்கிற இடத்தில் ஒரு சமூகத்தைக் கேவலப்படுத்திய பகிர்வு ஒன்று கண்ணில் பட்டால் கதை முடிந்தது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகனவில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையின்போது அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் சில நாட்கள் முடக்கியது நினைவிருக்கும். 2024இல் ஒன்லைன் பதிவுகளுக்கான நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்துவிட்டது. பதிவுகளுக்காகத் தமிழ்ப் பிள்ளைகள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதான கதைகள் நமக்குத் தெரியும். அது நியாயமா என்பது வேறு பேச்சு, அவன் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது இன்றைய பேச்சு. பழையதைத் தேடி அழிப்பதற்கு ஒரு பின்னேரம் ஒதுக்கட்டும்.

கட்டார் விஷயத்தில் உங்கள் தம்பி சொல்வதை நான் முழுதாகத் தள்ளமாட்டேன். ஆனால் இப்போது போனால் அவன் கையில் தொழில் இல்லாத ஆளாகப் போவான். அந்தச் சம்பளமும் அப்படித்தான் இருக்கும். என்விகியூ நாலும் கொஞ்சம் இங்கிலீஷும் கையில் இருந்தால் அதே விமானத்தில் வேறு சம்பளத்துக்குப் போவான். யார் மூலம் போனாலும் முகவர் நிலையம் பதிவானதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் கேளுங்கள். விசிட் விசாவில் தாய்லாந்துக்கு வா, கம்பியூட்டர் வேலை, டொலரில் சம்பளம் என்று டெலிகிராமில் யாராவது கூப்பிட்டால், அந்தப் பேச்சை வீட்டில் எடுக்கவே விடாதீர்கள். அப்படிப் போன இலங்கைப் பிள்ளைகளை எல்லை தாண்டி மியன்மாரின் மியாவடிப் பக்கத்தில் அடைத்து வைத்து மோசடி வேலை செய்ய வைத்தார்கள். மீட்டுக்கொண்டுவர அரசாங்கம் பட்ட பாடு செய்தியில் வந்தது.

அவனோடு பேசிவிட்டு, அவன் எந்தப் பக்கம் சாய்கிறான் என்று எழுதுங்கள். முடிந்தால் உங்களை விட்டு அவனையே எழுதச் சொல்லுங்கள், தமிழ் எழுத்தில். பெயர், படிப்பு, எந்த வேலை பிடிக்கும், ஏன் என்று அரைப் பக்கம் போதும். திருத்தி அனுப்புகிறேன்.